பிளிமத் எஞ்சினுக்கு அலங்காரம்: குரோமா, பெயிண்டா?

திருமங்கலத்தான்

அண்ணன்மாருக்கு வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

எங்க தோட்டத்துக் கொட்டகையில 1951 பிளிமத் கிரான்புரூக் ஒண்ணு நிக்குது. தாத்தா வாங்கினது. ஊர்ல இன்னைக்கும் அதுக்குப் பேரு 'பிளஷர்'தான், பிளிமத்துன்னு சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஸ்கூல் படிக்கிறப்ப நிறுத்தினது, அதுக்கப்புறம் அசையல. பின் சீட்டுல கோழி அடைகாத்து குஞ்சே பொரிச்சிருக்கு. போன தை மாசம் பொங்கல் லீவுல நானும் மச்சானும் உக்காந்து டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரிச்சு மாட்டி, பிளக்கு ஓட்டை வழியா எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊறப்போட்டு, கையால சுத்தி இளக்கிக் கிளப்பிட்டோம். ஆறு சிலிண்டரும் பேசுது. அப்பா கண்ணு கலங்கிருச்சு, அத விடுங்க.

பாடி வேலை முடிஞ்சு கருநீலம் அடிச்சாச்சு. இப்ப எஞ்சின்தான் பாக்கி. ஹாட் ராட் (பழைய காரை மாத்தி முறுக்கேத்துறது) வீடியோவாப் பார்த்துத் தள்ளுறேன். அந்த அமெரிக்காக்காரன் பிக் பிளாக்கைக் கழுவித் தொடச்சு, பளபளன்னு குரோம் போட்டு, பானெட்டே இல்லாம ஓட்டுறான் பாருங்க, அந்த மாதிரி வேணும். நம்மதும் 3.6 லிட்டர், சின்ன எஞ்சினா என்ன? அதுவும் பிக் பிளாக் கணக்குத்தானே?

திட்டம் இதுதான். ஹெட்டு (எஞ்சினோட மேல் மூடி), ரெண்டு மேனிஃபோல்டு (காத்து உள்ள போற குழாய், புகை வெளிய வர்ற எக்ஸாஸ்ட் குழாய்), அடியில எண்ணெய் நிக்கிற ஆயில் சம்ப், ஜெனரேட்டர் பாடி எல்லாம் குரோம். பிளாக்குக்கு, அதாவது எஞ்சின் உடம்புக்கு, ரத்தச் செவப்பு. மேல உக்காந்திருக்கிற குண்டுச்சட்டி ஏர் கிளீனரைத் தூக்கிக் கடாசிட்டு ஒரு கோன் ஃபில்டர். ஆவணியில தங்கச்சி கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான். முலாம் பட்டறையில விசாரிச்சேன், சொன்ன ரேட்டுக்கு ஓடுற நிலைமையில பழைய ஸ்ப்ளெண்டர் ஒண்ணு வாங்கிரலாம். செலவு பண்ணலாமா, வேணாமா?

சிம்மக்கல் சின்னவன்

யோசிக்காதீங்க ப்ரோ, குரோம் போட்டுருங்க. கல்யாண வீட்டுல மாப்பிள்ளையை யாரு பாப்பா, எஞ்சினைத்தான் பாப்பாங்க. கோன் ஃபில்டர் போட்டா சவுண்டும் மாஸா இருக்கும்.

பழைய ஸ்பேனர்

தம்பி, சின்னவன் சொல்றதக் கேக்காதீங்க. (சின்னவனே, கோவிச்சுக்காத.) மதுரையில ஒரு பஸ் கம்பெனி பட்டறையில பையனாச் சேர்ந்து, அப்புறம் ஷார்ஜாவுல பதினாலு வருசம் அமெரிக்க வண்டியாப் பிரிச்சவன் நான். இப்ப வில்லாபுரத்துல வீட்டோட இருக்கேன். சும்மா இருக்கிறதால நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. உங்களது பிக் பிளாக் இல்ல. அந்தப் பேரு அமெரிக்காக்காரன் வி8க்கு வச்சது. ஒரே கம்பெனி சின்ன வார்ப்புல ஒரு வி8, பெரிய வார்ப்புல ஒரு வி8ன்னு ரெண்டு குடும்பம் செஞ்சான், அதுல பெரியது. ஷெவர்லே 1965ல 396 கன அங்குலத்துல இறக்கினான், 1970ல அது 454 ஆச்சு, நம்ம கணக்குல 7.4 லிட்டர். முழு எஞ்சின் கிட்டத்தட்ட 310 கிலோ. செயின் பிளாக்குல தூக்குறப்ப பட்டறையில ஒருத்தன் பேசமாட்டான். உங்களது 217.8 கன அங்குலம், 97 குதிரை, ஆறும் ஒரே வரிசையில நிக்கிற ஃபிளாட் ஹெட். வால்வு மேல இல்ல, பிளாக்குல பக்கவாட்டுல இருக்கு.

இத ஏன் சொல்றேன்னா, அலங்காரமே அங்கதான் மாறுது. வி8க்கு முகம்னா ரெண்டு பக்கமும் இருக்கிற வால்வு கவர், நடுவுல வட்டமா ஏர் கிளீனர். அந்த மூணுக்கு மினுக்கு வச்சாப் போதும், எஞ்சினே மாறின மாதிரி தெரியும். உங்களதுல வால்வு கவரு மேல கிடையாது. மேல இருக்கிறது வார்ப்பு ஹெட்டு, போல்ட்டு வரிசை, ஆறு பிளக்கு, வயரு. அந்தப் போல்ட்டு வரிசையும், தூக்கிப்போடணும்னு நீங்க சொல்ற குண்டுச்சட்டியும்தான் அதோட முகமே.

ஷார்ஜாவுல நடந்ததச் சொல்றேன். ஒருத்தர் ஷெவர்லே கம்பெனியோட ஷெவெல் காரு கொண்டாந்தாரு, உள்ள அந்த 454. உங்கள மாதிரியே எல்லாத்துலயும் குரோம் கேட்டாரு. வால்வு கவரு தகரத்துல அடிச்சு குரோம் போட்டது, பாக்க வெள்ளித் தட்டு மாதிரி இருந்துச்சு. கூட வேலை பாத்த பையன் லீக் ஆயிரக் கூடாதுன்னு போல்ட்ட ஓங்கி முடுக்கிட்டான். மெல்லிசுத் தகரம், போல்ட்டு இருக்கிற எடத்துல குழி விழுந்து, ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல வில்லு மாதிரி தூக்கிக்கிச்சு. அந்தச் சந்து வழியா எண்ணெய் சொட்டுச் சொட்டா இறங்கி, கீழ கொதிக்கிற ஹெடர் பைப்புல, அதான் புகைக் குழாயில, விழுது. சிக்னல்ல நிக்கிறப்ப பானெட்டு ரெண்டு பக்கமும் சாம்பிராணி போட்ட மாதிரி புகை. ஹெடருக்கும் குரோம் போட்டிருந்தோம். முதல் ரவுண்டு போயிட்டு வந்து பாத்தா மஞ்சள், அப்புறம் ஊதா, வானவில்லு. ஒரு வாரத்துல உரிய ஆரம்பிச்சிருச்சு. காசு கொடுத்தவரு என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

அதனால எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு குரோம் வேணவே வேணாம். வார்ப்பு இரும்பு, சூடு ஏறி இறங்குற எடம், முலாம் நிக்காது. சைலன்சருக்கும் பாய்லர் குழாய்க்கும் அடிக்கிற சூடு தாங்குற அலுமினியம் பெயிண்ட் 600 டிகிரிக்குக் கிடைக்குது, பெயிண்ட் கடையில கேளுங்க. துருவை வயர் பிரஷ்ஷால தேச்சு, தின்னரால தொடச்சு, தண்ணியா ரெண்டு கை. தடிமனா அடிச்சா அப்பளம் மாதிரி எழும்பும். அடிச்ச அன்னிக்கே ரேஸ் பண்ணாதீங்க. அஞ்சு நிமிசம் ஐடில்ல விட்டு ஆறவிடு, அப்புறம் பத்து நிமிசம், அப்புறம் கால் மணி நேரம். அதுவே சுட்டு இறுகும். மேனிஃபோல்ட வண்டியில இருந்து கழட்டினா அதப் பிடிச்சிருக்கிற ஸ்டட்டு (தலையில்லாத போல்ட்டு) ஒடியும், எழுவது வருசத் துரு. மொத நாளே டீசல் ஊத்தி ஊறவச்சு, சூடு காட்டி, பைய முன்னயும் பின்னயும் ஆட்டித்தான் எடுக்கணும். ஒடிஞ்சா திட்டாதீங்க, எல்லாருக்கும் ஒடியும்.

ஹெட்டும் பிளாக்கும் பெயிண்டுதான். செவப்பு வேணாம்னு சொல்ல மாட்டேன், உங்க வண்டி. ஆனா அதுக்கு முன்னால ஒரு வேலை செய்யுங்க: வாட்டர் பம்பைக் கழட்டி, பம்பு உக்காந்த எடத்துல கேஸ்கெட்டு (ஒழுகாம நடுவுல வைக்கிற அட்டை) ஓரத்தப் பாருங்க. வெயிலு, எண்ணெய், எவனோ அடிச்ச சில்வர் எதுவும் படாம, கம்பெனியில அடிச்ச நிறம் ஒரு நூல் அகலத்துக்காவது ஒட்டியிருக்கும். 454க்கும் அப்படித்தான் கண்டுபிடிச்சோம். மேல எவனோ கருப்பு அடிச்சிருந்தான், கீழ ஷெவர்லேக்காரன் ஆரஞ்சு. ஃபோர்டுன்னா 1966லேர்ந்து நீலம். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நிறம் உண்டு, தெரிஞ்சவன் பானெட்டத் தொறந்ததும் அதத்தான் பாப்பான்.

பம்பைக் கழட்டச் சொன்னதுக்கு வேற காரணமும் இருக்கு. பம்புக்குப் பின்னால பிளாக்குக்குள்ள நீளத்துக்கும் ஒரு தகரக் குழாய் போகும், பக்கத்துல ஓட்டை ஓட்டையா இருக்கும். ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வு கிட்டயும் குளிர்ந்த தண்ணியத் தள்ளுறது அதுதான். இத்தன வருசம் தண்ணி நின்ன எஞ்சின்ல அது முழுசா இருந்தா அதிசயம். அது அரிச்சுப்போனா ரேடியேட்டர் மீட்டரு ஒழுங்காத்தான் காட்டும், பின்னால அஞ்சு, ஆறு சிலிண்டர் மட்டும் வெந்துக்கிட்டு இருக்கும். மாப்பிள்ளை அழைப்புன்னா மாட்டு வண்டி வேகம், மேளக்காரன் பின்னால ஊரணும், ஆவணி வெயிலு. குரோம் காசுல முதல்ல அதப் பாருங்க.

குண்டுச்சட்டி ஆயில் பாத் ஏர் கிளீனரு, உள்ள இருக்கிற எண்ணெய் புழுதியப் பிடிச்சுக்கும். நம்ம புழுதிக்கு அதுதான் சரி. உள்ள இருக்கிற சகதிய வழிச்சுக் கழுவி, கோடு வரைக்கும் எஞ்சின் எண்ணெய் ஊத்தி, வெளியில பளபளன்னு கருப்பு அடிங்க. கோன் ஃபில்டரப் பாத்தா எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருது.

குரோம் ஆசை தீரணும்னா ஹெட்டு போல்ட்டுக்கு மேல மாட்டுற டோம் மூடி, ஆயில் ஊத்துற மூடி, டிப் ஸ்டிக் பிடி, இத மட்டும் கொடுங்க. செம்பு, நிக்கல், குரோம்னு மூணு பூச்சு போடுவாங்களான்னு கேட்டுக்கொடுங்க. நேரா இரும்பு மேல பூசித் தர்றவன் உண்டு, ஆடிக் காத்துக்கே துரு எட்டிப்பாக்கும். பெட்ரோல் லைனு செம்புக் குழாயா இருந்தா வீட்டுல அம்மாகிட்ட புளி வாங்கித் தேயுங்க. முலாம் பட்டறைக்குப் போக வேணாம்.

கோரிப்பாளையம் ஃபைல்

ஸ்பேனர் அண்ணன் எஞ்சினச் சொல்லிட்டாரு, நான் பேப்பரச் சொல்றேன், பொழப்பே அதான். 50 வருசம் தாண்டின சொந்த உபயோக வண்டிக்கு 2021லேர்ந்து விண்டேஜ் பதிவு இருக்கு. நம்பர்ல 'விஏ'ன்னு எழுத்து வரும். புதுசா எடுக்க 20,000, பத்து வருசம் செல்லும், மறுபடி எடுக்க 5,000. ஆனா சேசிஸ், பாடி, எஞ்சின் இதுல பெரிய மாத்தம் செஞ்சிருக்கக் கூடாது, கமிட்டி வந்து பாக்கும். பெயிண்டு, கழுவல், தொடைக்கிறது ஒண்ணும் பண்ணாது. பானெட்ட வெட்டறது, வேற எஞ்சின ஏத்தறதுன்னு போனா அந்தக் கதவு மூடிரும். சாதாப் பதிவுலயே வச்சிருந்தாலும் வண்டிய இஷ்டத்துக்கு மாத்த விடாத மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு குறுக்க நிக்கும்.

இன்னொண்ணு, விண்டேஜ் நம்பர் வாங்கினா தினம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. உங்க தங்கச்சி கல்யாணம் வேற, அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குக் காசு வாங்கிட்டு அனுப்புறது வேற. எழுதினதப் பாத்தா அந்த யோசனையும் லேசா இருக்கிற மாதிரி தெரியுது.

திருமங்கலத்தான்

ஃபைல் அண்ணே, பிடிச்சிட்டீங்க. அந்த யோசனை மச்சானோடது.

கம்பம் ஜீப்பு

ஒரு சின்ன விசயம். அந்த வருச பிளிமத் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பிளஸ் முனைதான் பாடியோட சேரும்). அலங்காரம்ங்கிற பேர்ல வயர மாத்துறப்ப கடையில கிடைக்கிற 12 வோல்ட் பேட்டரி கேபிளப் போட்டுராதீங்க. பாதி வோல்ட்டுக்கு ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், மெல்லிசு கேபிளு சுடும், செல்ஃப் முனகும். எங்க எஸ்டேட் ஜீப்புல இதே கூத்து. பேட்டரிதான் போச்சுன்னு ரெண்டு பேட்டரி மாத்தினப்புறம்தான் கேபிளப் பாத்தோம். பெருவிரல் தடிமனுக்குக் கேபிளு போடுங்க.

சிம்மக்கல் சின்னவன்

நான் ஒண்ணும் சொல்லல. சாம்பிராணிப் புகை கதை மட்டும் சூப்பர்.

திருமங்கலத்தான்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

ரேடியேட்டர இறக்கி பம்பைக் கழட்டினோம். ஸ்பேனர் அண்ணன் சொன்ன மாதிரியே கேஸ்கெட்டு ஓரத்துல ஒரு கோடு நிறம், வெள்ளியும் சாம்பலும் கலந்தாப்ல. ஹெட்டுல எவனோ அடிச்ச பச்சையச் சுரண்டினா அங்கயும் அதே. செவப்பு ஆசை அங்கயே போயிருச்சு. பெயிண்ட் கடையில அந்தச் சுரண்டலக் காட்டிக் கலக்கி வாங்கினேன்.

தண்ணிக் குழாயக் கொக்கி போட்டு இழுத்தோம். முதல்ல ஒரு சாண் வந்துச்சு, கையில பிடிச்சதும் நொறுங்கிருச்சு. மிச்சத்தத் துண்டு துண்டா ரெண்டு நாள் எடுத்தோம். பின்னால பாதி குழாயே இல்ல, செம்மண்ணு மாதிரி துரு மட்டும், ரெண்டு சொம்பு அளவுக்கு வந்திருக்கும். அப்பா பக்கத்துல நின்னு, "உங்க தாத்தா கெணத்துத் தண்ணியத்தாண்டா ஊத்துவாரு"ன்னாரு. உப்புக் கெணறு.

வந்த துண்டையெல்லாம் பழைய பேப்பர்ல வரிசையா அடுக்கி, ஓட்டைக்கு ஓட்டை அளவெடுத்து, பாத்திரம் பத்தவைக்கிற ஒரு பெரியவர்கிட்ட கொண்டுபோனேன். பித்தளைத் தகட்ட வளைச்சு ஈயத்துல பத்தவச்சுக் கொடுத்தாரு. "இது எந்தக் கோயில் வாகனத்துக்கு?"ன்னு கேட்டாரு. காருன்னு சொன்னா நம்பல. மாட்டி ஓட்டிப் பாத்தோம், அரை மணி நேரம் ஐடில்ல விட்டு ஆறாவது பிளக்குப் பக்கம் கை வச்சேன், முன்னால இருக்கிற சூடுதான் பின்னாலயும்.

மேனிஃபோல்டுல ஒரே ஒரு ஸ்டட்டுதான் ஒடிஞ்சது, திட்டல. அலுமினியம் பெயிண்டு ரெண்டு கை அடிச்சு, சொன்ன மாதிரி சுட்டாச்சு. டோம் மூடி மட்டும் குரோமுக்குக் கொடுத்திருக்கேன். குண்டுச்சட்டிய அம்மா புளி போட்டுத் தேய்க்கக் கெளம்பிட்டாங்க, அது தகரம்மான்னு சொல்லித் தடுத்து நிறுத்திக் கருப்பு அடிச்சேன்.

ஸ்பேனர் அண்ணே, ஒரு டவுட்டு. டோம் மூடி மாட்டுறதுக்கு முன்னால ஹெட்டு போல்ட்ட மறுபடி முடுக்கணுமா?

பழைய ஸ்பேனர்

எஞ்சின் சூடா இருக்கிறப்ப, நடுவுலேர்ந்து வெளிய, டார்க் ரெஞ்சால (முடுக்கு அளவு காட்டுற ஸ்பேனர்) ஒரு சுத்து பாத்துட்டு அப்புறம் மூடி மாட்டுங்க. மூடி போட்டப்புறம் எவனும் திரும்பப் பாக்க மாட்டான். பத்திரிகை வச்சா வில்லாபுரத்துக்கும் ஒண்ணு அனுப்புங்க, அந்தப் பித்தளைக் குழாய் செஞ்ச பெரியவரையும் கூப்பிடுங்க. முன் சீட்டுல உக்காரவச்சு ஒரு ரவுண்டு போனா நம்புவாரு.