இருமினால் கதிர் தவறிப்போகுமா? நுரையீரல் கட்டிக்குக் கணினி வழிக் கதிர்வீச்சு

கயல்விழி:
அப்பாவுக்கு வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் 2 செ.மீ. கட்டி. புற்றுநோய்தான் என்று பயாப்சியில் உறுதியாகிவிட்டது, வேறெங்கும் பரவவில்லை. இதயம் பலவீனமாக இருப்பதால் அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டார் என்று எஸ்பிஆர்டி கதிர்வீச்சுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கணினி குறிவைத்து, ஒவ்வொரு முறையும் மிக அதிக அளவு கதிரைச் செலுத்துமாம். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அப்பாவுக்கு நாலு வார்த்தை பேசினாலே இருமல் வரும். கதிர் பாயும்போது இருமினால் அது இதயத்தில் பட்டுவிடாதா?

இளமாறன்:
சகோதரி, நான் கதிர்வீச்சுப் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. கீழ்ப்பகுதிக் கட்டிகள் உதரவிதானத்துக்கு அருகில் இருப்பதால் மூச்சோடு அதிகம் அசையும். சிலருக்கு 2 செ.மீ.க்கு மேலும் அசையும். எங்கள் உழைப்பில் பாதி இந்த அசைவோடுதான்.

முதலில் 4டி சிடி ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி மூச்சின் எந்தக் கட்டத்தில் எங்கே நிற்கிறது என்று அதில் தெரியும். அந்தப் பாதை முழுவதையும் சேர்த்தே குறி வரையப்படும். சில இடங்களில் வயிற்றை லேசாக அழுத்திப் பிடிப்பார்கள். சில இடங்களில் மூச்சு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டும் கதிரைத் திறப்பார்கள். சைபர்நைஃப் என்ற கதிர்வீச்சு இயந்திரத்தில் இயந்திரக் கையே மூச்சைப் பின்தொடர்ந்து நகரும்.

சிகிச்சை நாளில், மேசையில் படுத்த நிலையிலேயே இன்னொரு சிடி படம் எடுப்போம். திட்டமிடுவதற்காக முன்பு எடுத்த படம் ஒரு நிறத்திலும் அன்றைய படம் வேறு நிறத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வரும். கணினி தானே பொருத்திக் காட்டும். ஆனால் சில நேரம் அது விலா எலும்பையும் முதுகெலும்பையும் பொருத்திவிட்டு நின்றுவிடும். கட்டி 4 மி.மீ. தள்ளி இருக்கும். அதைக் கண்ணால் பார்த்து, மேசையை நகர்த்தி, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே கதிரைத் திறப்போம்.

இருமலுக்கு வருகிறேன். அறைக்கு வெளியே கேமராவில் உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருப்போம். இருமினால் உடனே நிறுத்தலாம். தேவைப்பட்டால் மறுபடி படம் எடுத்துச் சரிபார்த்துத் தொடரலாம். கதிர் பல திசைகளிலிருந்து பிரிந்து வந்து கட்டியில்தான் ஒன்றுசேர்கிறது. ஆகையால் ஒரு நொடி அசைவால் முழு அளவும் வேறிடத்தில் இறங்கிவிடாது.

தாமரை:
இளமாறன் ஐயா சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். இதே சிகிச்சையை நான் பெற்றவள். கதிர் பட்டதே தெரியவில்லை. கைகளைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுத்திருப்பதுதான் பெரும் பாடு. அப்பாவுக்குத் தோள்வலி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து எனக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தன. கதிர்வீச்சால் வந்த நுரையீரல் அழற்சி என்று கண்டுபிடித்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள், அடங்கியது. சாதாரணச் சளி என்று விட்டுவிடாதீர்கள் அம்மா.

கயல்விழி:
இருவருக்கும் நன்றி. இப்போதுதான் மூச்சு வருகிறது. கட்டி உண்மையில் கட்டுப்படுமா?

இளமாறன்:
அறுவை சிகிச்சைக்கு இயலாத, ஆரம்பநிலைக் கட்டி உள்ளவர்களுக்கு 54 கிரேயை (கிரே என்பது கதிர் அளவின் அலகு) 3 தவணையாகக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2010இல் வெளியானது. 3 ஆண்டுகளுக்குப் பின் 97.6 சதவீதம் பேருக்குக் கதிர் கொடுத்த கட்டி கட்டுப்பட்டிருந்தது. ஆனால் 3 ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் 55.8 சதவீதம்தான், ஆய்வில் சேர்ந்தவர்களே ஏற்கெனவே இதய, நுரையீரல் நோய்களோடு இருந்தவர்கள். அதனால் அப்பாவின் இதய மருத்துவரைக் கைவிடாதீர்கள். கட்டி இதயத்துக்கோ பெரிய மூச்சுக்குழாய்க்கோ அருகில் இருந்தால் தவணைகளைக் கூட்டி, ஒவ்வொன்றின் அளவையும் குறைப்பார்கள், அதையும் கேளுங்கள்.

இருமலுக்கு மருந்து வேண்டுமென்றால் 4டி ஸ்கேனுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். அன்று இருமிக்கொண்டே இருந்தால் படம் கலங்கிவிடும். திட்டம் முழுவதும் அந்தப் படத்தை வைத்துத்தான் போடப்படுகிறது.