பைக் சக்கரக் கம்பியில் சிக்கிய குதிகால்: 6 வயதுப் பையனுக்கு ரிவர்ஸ் சூரல் ஃபிளாப் சரிவருமா?

கேள்வி (ஆர்த்தோ பிஜி, அதாவது எலும்பு சிகிச்சை மேற்படிப்பு மருத்துவர்):
பைக்கின் பின்சீட்டில் வந்த பையன். குதிகாலுக்கு மேலே 5×4 செ.மீ. தோல் போய்விட்டது. அகில்லிஸ் தசைநார் வெளியே தெரிகிறது, அறுபடவில்லை. எலும்பு முறிவும் இல்லை. ரிவர்ஸ் சூரல் ஃபிளாப் (கெண்டைக்காலின் பின்புறத் தோலை ரத்த ஓட்டத்தோடு கீழே திருப்பி மூடுவது) போட்டால், இந்த வயதில் அதன் பெடிகிள் (ரத்தக்குழாய் உள்ள காம்பு) தாங்குமா? எப்போது மூடலாம்?

பதில் (பிளாஸ்டிக் சர்ஜன்):
முதலில் தசைநாரின் மெல்லிய உறையைப் பாருங்கள். ஈரமாக, முழுசாக இருந்தால் கிராஃப்டே (வேறிடத்திலிருந்து சீவி எடுத்து ஒட்டும் மெல்லிய தோல்) பிடிக்கும்; செருப்பு உரசும் இடம் என்பதால் பின்னால் புண்ணாகலாம், அவ்வளவுதான். உறை போய் தசைநார் காய்ந்திருந்தால் ஃபிளாப்தான்.

முதல் நாளே அளவெடுக்காதீர்கள். கம்பி நசுக்கிய தோல் ஓரம் அன்றைக்குச் சிவப்பாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் கறுத்துவிடும். கழுவி, செத்ததை வெட்டி, ஈரக்கட்டுப் போட்டு, 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பாருங்கள். காயம் பெரிதாகியிருக்கும், அதற்குத்தான் ஃபிளாப் வரைய வேண்டும், சுற்றிலும் ஒரு செ.மீ. கூடுதலாக.

பதில் (அதே பிரிவு, வேறு ஊர்):
பெடிகிள் தாங்கும் டாக்டர். பெடிகிள் திரும்பும் இடத்துக்குப் பெரியவர்களுக்குச் சொல்லும் "வெளிக்கணுக்காலுக்கு மேல் 5 செ.மீ." கணக்கைக் குழந்தைக்கு அப்படியே எடுக்காமல், டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியால் காட்டும் கருவி) வைத்துப் பெர்ஃபரேட்டரை (ஆழத்திலிருந்து தோலுக்கு வரும் சிறு ரத்தக்குழாய்) குறித்துக்கொள்ளுங்கள். பெடிகிள் 3 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பும் ஷார்ட் சஃபினஸ் சிரையும் அதற்குள் வர வேண்டும். தோலுக்கடியில் சுரங்கம் போட்டு இழுக்காதீர்கள். வீக்கம் வந்ததும் சிரை நசுங்கும். இந்த ஃபிளாப் பெரும்பாலும் சாவது தமனியால் அல்ல, சிரையால். பெடிகிள் மேல் ஒரு தோல் பட்டையை விட்டு, இடையில் உள்ள தோலைத் திறந்து பதியுங்கள். மூட முடியாத இடத்தில் கிராஃப்ட் போடலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். வார்டில் எதைக் கவனிக்கச் சொல்வது?

பதில்:
முதல் 24 மணி நேரம் மணிக்கொரு தடவை ஃபிளாப்பை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் 2–3 விநாடியில் திரும்பினால் சரி. நாவல்பழ நிறமாகி, விரலை எடுத்த மாத்திரத்தில் நிறம் திரும்பினால் சிரை அடைப்பு: கட்டைத் தளர்த்தி, காலை உயர்த்தி, பெடிகிள் மேலுள்ள தையலைப் பிரியுங்கள். விடியட்டும் என்று விட்டுவைக்கக் கூடாது. வெளிறிப்போய் நிறமே திரும்பாவிட்டால் உடனே தியேட்டர்.

ஸ்லாபை (பாதி மாவுக்கட்டு) காலின் முன்பக்கம் போடுங்கள். பையன் மல்லாந்து புரண்டாலும் குதிகால் மெத்தையில் படக் கூடாது. வலியில் அழுதால் ரத்தக்குழாய் சுருங்கும். அனஸ்தீசியாவிடம் பாப்ளிட்டியல் பிளாக் (முழங்காலுக்குப் பின்னால் நரம்பை மரக்கவைக்கும் ஊசி) கேளுங்கள். சூரல் நரம்பு ஃபிளாப்போடு போவதால் பாதத்தின் வெளியோரம் மரத்திருக்கும் என்பதைப் பெற்றோரிடம் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.