நடந்தால் இறுகும், நின்றால் விட்டுவிடும்: அப்பாவின் கால்

கடலூர்க்காரன்:
அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, பீடியும் உண்டு. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடப்பார். கொஞ்ச தூரம் போனதும் வலது ஆடுசதை இறுகிக்கொள்ளும், நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். நரம்பு என்றார் ஒருவர், முதுகெலும்புத் தேய்மானம் என்றார் இன்னொருவர். ஊசி, மாத்திரை, பெல்ட் எல்லாம் ஆயிற்று. கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் செருப்பைக் கழற்றச் சொல்லிப் புறங்காலில் விரல் வைத்தார். அப்புறம் என் விரலைப் பிடித்து அங்கேயே வைத்தார். இடது காலில் மெல்லத் துடித்தது. வலதில் ஒன்றுமே இல்லை. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்தது. கால் வலிக்குப் போனவருக்கு ஈசிஜி, எக்கோவும் எழுதினார். காலில் கொழுப்பு படிந்திருந்தால் இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் படிந்திருக்கலாமாம். இத்தனை பேர் பார்த்தார்களே, ஒருவராவது காலைத் தொட்டாரா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

லாஸ்பேட்டை அக்கா:
தம்பி, உங்கள் அப்பாவுக்கு வலியாவது வந்தது. என் மாமியாருக்குச் சர்க்கரையில் பாதமே மரத்துப்போயிருந்தது. கட்டைவிரல் ஓரத்துப் புண் கறுத்த பிறகுதான் பார்த்தோம். ஜிப்மரில் புண்ணைச் சுத்தம் செய்யும்போது, ராத்திரிக்கு என்ன குழம்பு என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தி படுவதே அவருக்குத் தெரியவில்லை. வலி இருக்கிறதா என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள், பாதத்தைத் தினமும் திருப்பிப் பாருங்கள். அப்பாவை நடக்க விடாமல் ஓய்வில் வையுங்கள்.

வில்லியனூர்வாசி:
அக்கா, பாதத்தைப் பார்க்கச் சொன்னது சரி. ஓய்வு மட்டும் சரியில்லை. புண் இருந்தால்தான் அந்தக் காலை ஊன்றக்கூடாது. புண் இல்லாதவருக்கு நடையே வைத்தியம்: வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது. ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதம். இதயத்தைச் சோதித்த டாக்டர் சரி என்ற பிறகு ஆரம்பியுங்கள். கணுக்காலில் பிரஷர் எடுத்து, அதைக் கையின் பிரஷரால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. ஆனால் பல வருஷ சர்க்கரைக்காரருக்குக் குழாய்ச் சுவர் கெட்டிப்பட்டு நார்மல் போலக் காட்டிவிடும். கட்டைவிரல் பிரஷரையும் கேளுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், மரத்த கால் வெந்துபோகும்.

என் மைத்துனருக்கு ராத்திரியில் திடீரென்று ஒரு கால் வெளுத்துச் சில்லிட்டுப்போனது. விடியட்டும் என்றார்கள் வீட்டில். நான் 108-ஐக் கூப்பிட்டேன். ரத்தக்கட்டி அடைத்திருந்தது. ஆறு மணி நேரம் தாண்டினால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்கள். கால் தப்பியது.

கடலூர்க்காரன்:
ஓய்வு எடுக்க எங்களிடமும் சொல்லவில்லை அக்கா, நடக்கத்தான் சொன்னார்கள். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தினமும் போடுகிறார். பீடிதான் நிற்கவில்லை. விடவில்லை என்றால் ஸ்டென்ட் வைத்தாலும் திரும்ப அடைக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். உங்கள் வீட்டில் யாராவது விட்டிருந்தால், எப்படி விட்டார்கள் என்று எழுதுங்கள்.