கருமுத்து தியாகராசர் விட்டுச்சென்றவற்றுள் முதன்மையானது எது?

வைகைக்கரையான்:
எங்கள் வாசகர் வட்டத்திற்காகக் கலைத்தந்தை கருமுத்து தியாகராசர் (1893–1974) பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஆங்கிலேயரின் ஹார்வி மில் கோலோச்சிய மதுரையில் மீனாட்சி மில் என்ற பஞ்சாலையை நிறுவி, 1936இல் கப்பலூரில் தியாகராசர் மில்லையும் தொடங்கியவர் அவர். ஆலை, வங்கி, கல்லூரி ஆகிய மூன்றில் எதை முன்னிறுத்துவது என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

தெப்பக்குளத்தார்:
தயங்காமல் கல்லூரியை முன்னிறுத்துங்கள். 1949இல் தெப்பக்குளத்தருகே கலைக் கல்லூரியும் 1957இல் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. ஔவை துரைசாமிப் பிள்ளையும் இலக்குவனாரும் பேராசிரியர்களாக இருந்த, கவிஞர்கள் அப்துல் ரகுமானும் மீராவும் மாணவர்களாக இருந்த அந்தக் கலைக் கல்லூரி, பட்டம் வழங்கியதோடு நில்லாமல் புதுக்கவிதைக்கும் தமிழ் உணர்வுக்கும் விளைநிலமாக இருந்தது. ‘தமிழ்நாடு’ நாளிதழை நடத்தியவரின் கல்லூரி வேறு எப்படி இருந்திருக்கும்?

மாசிவீதி:
வங்கியை விட்டுவிடாதீர்கள். 1943இல் அவர் தொடங்கிய பாங்க் ஆப் மதுரை, 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தபோது, மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய அனுபவத்தையும் உடன் கொண்டு சென்றது.

பஞ்சாலைப் பேரன்:
ஐயா, கல்லூரியைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கல்லூரிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும். என் தாத்தா ஒரு பஞ்சாலையில் பதிலியாக, அதாவது வராதவருக்கு மாற்றாக வேலை செய்யும் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து நிரந்தரமானவர். சிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தின் இரைச்சலில் காது மந்தமாகி, வீட்டிலும் உரக்கவே பேசுவார். ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற சட்டப்பிரிவு செல்லும் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அது மீனாட்சி மில் தொழிலாளர் வழக்கில்தான். இந்திய ஆலைத் தொழிலாளர் பலருக்கும் பயன்பட்ட அந்தத் தீர்ப்பும் மதுரையின் மரபுதான். கட்டுரையில் அதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

தெப்பக்குளத்தார்:
தாராளமாக ஒதுக்கட்டும், தம்பி. அந்தத் தீர்ப்பு தியாகராசர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் வந்தது என்பதால், நிறுவனரின் காலத்தையும் அடுத்த தலைமுறையின் நிர்வாகத்தையும் பிரித்து எழுதினால் போதும். உங்கள் தாத்தாவின் தலைமுறையினரிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலையையும் கட்டுரையாளர் இப்போதே தொடங்குவது நல்லது.