நாளைக்கு எத்தனை பீடி? ஹிஸ்டோகிராமில் இரண்டு கோபுரம் வருகிறது

முக்கூடல் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அம்மா, பெரியம்மா, ஆச்சி எல்லோரும் பீடி சுற்றியவர்கள்தான், அதனால் ஆய்வுக்கும் அதையே எடுத்துக்கொண்டேன். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் 120 பெண்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். வயது, நாளைக்கு எத்தனை பீடி, எத்தனை மணி நேரம் உட்காருகிறார்கள், முதுகுவலி 1 முதல் 5 வரை எவ்வளவு என்று.

எக்செல்லில் ஏற்றி, கேள்விக்கு ஒரு பை சார்ட் போட்டு கைடிடம் காட்டினேன். "இதில் உனக்கு என்ன தெரிந்தது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஹிஸ்டோகிராம் போடச் சொன்னார், அதாவது எண்களைச் சம அகலப் பெட்டிகளாகப் பிரித்து, பெட்டிக்கு எத்தனை பேர் என்று பட்டையாகக் காட்டும் படம். பீடி எண்ணிக்கைக்குப் போட்டால் 500-ல் ஒரு கோபுரம், 1000-ல் ஒரு கோபுரம், மற்ற இடமெல்லாம் பல் போன சீப்பு மாதிரி. சராசரி 700-க்குப் பக்கத்தில் வருகிறது, அங்கே ஆளே இல்லை. தவறு டேட்டாவிலா, படத்திலா?

தாழையூத்து:
பை சார்ட்டை விடுங்கள். இரண்டு மூன்று பங்கு என்றால் சரி, அதற்கு மேல் போனால் எந்தத் துண்டு பெரிது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பட்டை வரைபடம் போதும்.

கடனாநதி:
தங்கச்சி, படத்தில் ஒரு சின்னக் கோளாறு இருக்கிறது. அந்தக் கோபுரங்கள் மட்டும் உனக்குக் கிடைத்த பதில்களிலேயே இருப்பவை, அவற்றை அழித்துவிடாதே.

முதலில் சீப்பு. ஒரு கட்டுக்கு 25 பீடி, அதனால் பதில்கள் 25-இன் மடங்காகத்தான் வரும். எக்செல் தானாக 30 அகலம் என்று பெட்டி பிரித்தால் ஒரு பெட்டியில் 150, 175 இரண்டும் விழும், அடுத்ததில் 200 மட்டும் விழும். மேடும் பள்ளமும் அப்படி வருபவை. கீழ் அச்சை வலது கிளிக் செய்து பெட்டி அகலத்தை 100 ஆக்கு. இன்னொன்றையும் கவனி: எக்செல்லில் 900–1000 என்று ஒரு பெட்டி வந்தால், சரியாக 1000 என்று இருப்பது அதில்தான் போய்ச் சேரும், அடுத்ததில் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அம்பாசமுத்திரம் பக்கம் கார் பருவ நெல் சாகுபடிக்கு விளைச்சல் கணக்கு எடுத்தேன். பெரியவர்கள் கோட்டை என்ற பழைய நெல் அளவுக் கணக்கில் சொன்னார்கள், பிள்ளைகள் மூட்டைக் கணக்கில். எல்லாவற்றையும் கிலோவாக மாற்றிப் படம் போட்டால் இதே சீப்பு. வயலுக்கு வயல் விளைச்சலே அப்படித்தான் போலிருக்கிறது என்று ஒரு வாரம் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். படத்தில் தெரிந்ததோ மூட்டையும் கோட்டையும்தான்.

அப்புறம் கோபுரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதானே கூலி? "நாளைக்கு எத்தனை?" என்று பொதுவாகக் கேட்டால் வாயில் முழு எண்தான் வரும். நேற்று எத்தனை கட்டு என்று கேட்டுப் பார். பீடிக் கடையில் கணக்கு எழுதிக் கொடுக்கும் பாஸ் புக் இருந்தால் அதையும் பார்.

ஆனால் இரண்டு கோபுரம் என்றால் இரண்டு வகை ஆட்கள் கலந்திருக்கிறார்களோ என்ற சந்தேகமும் வர வேண்டும். இலை வெட்டிக் கொடுக்க மகளோ மாமியாரோ கூட இருக்கும் வீடு, ஒற்றை ஆளாய் உட்காரும் வீடு. தனித்தனி ஹிஸ்டோகிராம் போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே அளவுகோலில் வை.

1973-ல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு சிறு டேட்டா தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரி, பரவல், ஒட்டுறவு (இரண்டு எண்களும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. வரைந்தால் நான்கும் நான்கு விதம். உன் 700-ஐப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

முக்கூடல் பிள்ளை:
அண்ணாச்சி, ரொம்ப நன்றி. 100 அகலம் வைத்ததும் சீப்பு போய்விட்டது, கோபுரம் இரண்டும் அப்படியே நிற்கின்றன. எதிர்வீட்டு அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். சுளவை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே பாஸ் புக்கை எடுத்துப் போட்டார். என்னிடம் "ஆயிரம்" என்று சொன்னவர். புக்கில் ஒரு நாள்கூட ஆயிரம் இல்லை. "கடையில் கழிச்சது போகத்தான் எழுதுவாங்க, கழிச்சதுக்கும் கை வலிச்சுதுல்லா" என்றார். சுற்றியது, கடை ஏற்றது என்று இரண்டு எண் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டிலேயே நடந்த விஷயம் இது.

கூட ஆள் உண்டா என்று நான் கேட்கவில்லை. இன்னொன்று: மணி நேரம் ஒரு அச்சில், முதுகுவலி இன்னொரு அச்சில் என்று ஆளுக்கு ஒரு புள்ளி வைத்து ஸ்கேட்டர் படம் போட்டால் 120 புள்ளியில் இருபதுதான் தெரிகிறது.

செண்பகம் அக்கா:
மணியும் முழு எண், வலியும் முழு எண், அதனால் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. படத்துக்கு மட்டும் ஒவ்வொன்றையும் கொஞ்சம் அசைத்துப் போடலாம், கணக்குக்கு அசல் எண்ணே இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறு: மணி நேரத்தை மூன்று நான்கு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையையும் நூறு சதவீதப் பட்டையாக்கி, வலி 1 முதல் 5 வரை வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறமாகத் தீட்டு. பக்கத்தில் எத்தனை பேர் என்றும் எழுது. நான்கு பேர் உள்ள வரிசையில் ஒருத்தர் பதில் மாறினாலே பட்டை கால்வாசி மாறிவிடும்.

முக்கூடல் பிள்ளை:
சரி அக்கா. சனிக்கிழமை மறுபடி கிளம்புகிறேன். தாளில் மூன்று கட்டம் கூடுதல்: நேற்றுச் சுற்றிய கட்டு, கடை ஏற்றது, கூட யார்.