புதுப்பிப்பு: கப்பலில் பெரிய குழு ஏறினால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்குமா?

எங்கள் உல்லாசக் கப்பலில் ஒரு நிறுவனத்தார் பெருங்குழுவாக வருகிறார்கள், அரங்கை மூடிவிடுவார்களா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி, போய்வந்துவிட்டோம்.

கைகொடுத்தது, ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் விசாரிக்கச் சொன்ன யோசனைதான். எந்த இடம் எப்போது மூடியிருக்கும் என்று ஊழியர் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்: துறைமுகம் தொடாத இரண்டு நாட்களிலும் பிற்பகலில் பெரிய அரங்கம், ஒரு மாலை மேல்தள மதுக்கூடம். தினசரி நிகழ்ச்சி நிரலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டது வீண்.

எதிர்பாராதது: அவர்கள் அரங்கில் இருந்தவரை நீச்சல்குளம் காலி. துண்டு விரித்து நாற்காலி பிடிக்கும் சண்டையே இல்லை! ஆனால் கூட்டம் கலைந்ததும் லிஃப்ட் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்து ஏழு தளம் படியேறினோம். இழப்பீடு கேட்டேன், தரவில்லை.