நியூராமினிடேஸ் இல்லாத புள்ளைக்குக் காய்ச்சல் மாத்திரை குடுக்கலாமுங்களா?

கோபி பக்கம்:
வணக்கமுங்க. மூத்தவளுக்கு 16 வயசு. ஒரு வருசமா கை வெடுக்குனு இழுக்குது. சும்மா இருந்தா ஒண்ணுமில்லைங்க, எதையாச்சும் எடுக்கப் போனாத்தான். பால் தூக்குபோசியைக் கட்டுத்தரையிலிருந்து வாசலுக்குக் கொண்டாரதுக்குள்ள பாதி சிந்திரும். பரீட்சை பயம்னு ஒரு டாக்டர் சொல்லி எட்டு மாசம் வீணாப் போச்சு. பொறவு பஸ் போர்டு தெரியலைன்னு கண்ணைக் காட்டப் போன எடத்துலதான் விழித்திரையில குன்றிமணியாட்டம் செவப்புப் புள்ளி இருக்குதுன்னாங்க. ஜீன் டெஸ்ட்ல சியாலிடோசிஸ், முதல் வகை. நியூராமினிடேஸ்ங்கிற என்சைம் வேலை செய்யலையாம்.

இப்ப அவளுக்கு ஃப்ளூ காய்ச்சல். ஓசெல்டாமிவிர் எழுதியிருக்காங்க. அது நியூராமினிடேஸைத் தடுக்குற மருந்துன்னு போட்டிருக்குது. இருக்கிறதே கொஞ்சம், அதையும் தடுத்தா? சின்னவனுக்கும் டெஸ்ட் பாக்கோணுமா? நான் கட்டுனது மாமன் மகளைத்தானுங்க.

லேப்காரன், கோவை:
பேர் ஒண்ணு, ஆள் வேறங்க. ஹெச்1என்1ன்னு ஃப்ளூ வைரஸ் பேர்ல வர்ற 'என்' அந்த வைரஸோட நியூராமினிடேஸ். செல் மேல இருக்கிற சியாலிக் அமிலங்கிற சர்க்கரையை அறுத்துத்தான் புது வைரஸ் வெளிய ஓடும். மாத்திரை அந்தக் கத்திரிக்குன்னு செஞ்சது, மனுசக் கத்திரியில பெருசா ஒட்டாது. ஆனாலும் எழுதுன டாக்டர்கிட்ட பாப்பாவோட நோயைச் சொல்லீருங்க.

மனுச ஒடம்புல நியூராமினிடேஸ் 4 வகை இருக்குது. பாப்பாவுக்குக் கெட்டது நியூ1, லைசோசோம்ல, அதாவது செல்லுக்குள்ள கழிவை உடைக்கிற பையில, வேலை செய்யறது. தேங்காய்க் களத்துல மட்டை உரிக்கிற ஆள் வரலைன்னா உடைக்கிறவங்களும் சும்மாதானே நிக்கோணும்? சர்க்கரைச் சங்கிலி நுனியில இருக்கிற சியாலிக் அமிலந்தான் மட்டை. அது கழராம அடுத்த என்சைமுக்கு வேலையில்ல. அப்படியே தேங்கி மூத்திரத்துலயும் வரும்.

ரிப்போர்ட்ல ஜீன் பேரைப் பாருங்க. சிடிஎஸ்ஏன்னு இருந்தா அது கேலக்டோசியாலிடோசிஸ், வேற நோய். நியூ1க்குக் காவல் நிக்கிற கேத்தெப்சின் ஏங்கிற புரதம் கெட்டுப்போறதால வர்றது.

சின்னவனுக்கு வர்ற வாய்ப்பு 4ல 1. டெஸ்டுக்கு முன்னாடி மரபியல் டாக்டர்கிட்டப் பேசுங்க.

பெருந்துறை அக்கா:
எங்க சித்தப்பா பையனுக்கும் இதேதானுங்க. புத்தி தெளிவு, கணக்கு வழக்கெல்லாம் அவந்தான். ஃபெனிடாய்ன்ங்கிற வலிப்பு மாத்திரை குடுத்தப்ப கை இழுக்குறது கூடிப்போச்சு, பொறவு மாத்துனாங்க. எல்லாருக்கும் அப்படியான்னு டாக்டரைக் கேளுங்க. போசியில பாதிக்கு மேல ஊத்தாதீங்க, மூடி போட்டுக் குடுங்க. நோயையே தீக்குற மருந்து இன்னும் வரலை. லேகியம்னு போன் வந்தா வெச்சுருங்க.

கோபி பக்கம்:
நியூ1ன்னுதான் இருக்குதுங்க. டாக்டருக்கும் பேசிட்டேன், குடுக்கச் சொல்லிட்டார். லேகியக்காரன் நேத்தே கூப்புட்டுட்டானுங்க அக்கா. நாப்பதாயிரமாம்.